அண்ணனின் குரல் இருந்த ஃபோல்டர்

மார்ச் 4, செவ்வாய்

குரல் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் வேலை இன்று என் தலையில் விழுந்தது. இதுவரை அதைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியன் வேறு வேலைக்குப் போய்விட்டான். பேச்சு மெல்லப் போய்க்கொண்டிருக்கும் நோயாளிகள், குரல் நன்றாக இருக்கும்போதே எங்கள் ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்து சில பக்கங்களைப் படித்துவிட்டுப் போவார்கள். பேச்சு நின்றுபோன பிறகு, அந்தப் பதிவை வைத்து அவர்கள் குரலிலேயே பேசும் கருவி செய்து தருவோம்.

ஃபோல்டரைத் திறந்தால்: 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'நிஜமாவே கடைசி', 'இதைத் தொடாதே'. அதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண்கள். எது யாருடையது என்று கடவுளுக்கே வெளிச்சம்.

இதற்குள் எங்கோ என் அண்ணன் இருக்கிறான்.

மார்ச் 6

எங்கள் பிரிவின் டாக்டரம்மாவிடம் கேட்டு ஒரு முறை வகுத்தேன். முதலில் தேதி, அதுவும் வருடத்தில் தொடங்கி. அப்போதுதான் கம்ப்யூட்டர் தானே வரிசையாக அடுக்கும். பிறகு நோயாளி எண். பிறகு எத்தனையாவது பதிவு, எந்த ரெக்கார்டர். "பேரு மட்டும் வேண்டாம்மா. நாளைக்கு இது யார் யார் கைக்கோ போகும்," என்றார்.

சரிதான். அண்ணன் இனி பதினேழு.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் மெக்கானிக். மேல்மாடியில் நின்று கத்தினால் கீழே இருக்கும் உதவியாளுக்குப் போனே தேவைப்படாது. அப்படிப்பட்ட தொண்டை. இப்போது நாக்கு கனத்துவிட்டது. அவன் சொல்ல, அண்ணி எனக்கு எடுத்துச் சொல்கிறாள்.

"கெடச்சுதான்னு கேக்குறாரு."

"எல்லாத்தையும் அடுக்கிட்டிருக்கேன்ணா. இந்த வாரம் எடுத்துடுவேன்."

எதை நம்பி அப்படிச் சொன்னேன்?

மார்ச் 14

'இதைத் தொடாதே'யையும் தொட்டுப் பார்த்தாகிவிட்டது. இல்லை.

மார்ச் 18

அண்ணன் வந்து படித்த அந்த ஒரே நாளின் ஃபோல்டர் கிடைத்தது. ஹெட்ஃபோனை மாட்டினேன். ஒரு பெண் குரல். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே அவள்தான். அதே நாளில் பக்கத்து அறையில் படித்த தையல்காரம்மா.

டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "அக்கா, ரெண்டு ரெக்கார்டரும் ஒண்ணுலேருந்துதான் நம்பர் போடும். ரெண்டையும் ஒரே ஃபோல்டர்ல காப்பி பண்ணேன். இதே பேர்ல இருக்கு, மாத்திடவான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன். அவசரத்துல—"

"அது எங்க அண்ணன்."

"தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

என்னவென்று திட்டுவது? அழுகிறான்.

மார்ச் 20

அழிந்ததை மீட்டுத் தருகிற ஆள் வந்து பார்த்தார். ரெக்கார்டரில் இருந்ததை அழித்து அழித்துப் பலமுறை பயன்படுத்தியாயிற்று, ஒன்றும் மிஞ்சவில்லையாம். அண்ணி தன் போனைத் துழாவினாள். அண்ணன் அனுப்பிய வீடியோ எல்லாம் பழுதான மோட்டார்கள். அந்த இரைச்சலுக்கு அடியில் அவன் குரல் இருக்கிறது, பிரித்து எடுக்க முடியாது.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஏதோ சொன்னான். அண்ணிக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னான்.

"அந்தப் பையனோட புது வேலைக்கு ஒண்ணும் ஆயிடலையேன்னு கேக்குறாரு," என்றாள் அண்ணி.

இருக்கிற குரலையாவது பிடித்துவைப்போம் என்று அங்கேயே உட்கார்ந்து பதிவு செய்தேன். பாதிப் பக்கத்தில் மூச்சு வாங்கியது. விட்டு விட்டுப் படித்தான். ரெக்கார்டரை நான் நிறுத்தவே இல்லை.

ஏப்ரல் 8

தையல்காரம்மாவின் கருவி தயார். எழுத்துகளைத் தட்டினார். அவருடைய பழைய குரல், கணீரென்று, "ஏங்க, வீட்டுக்குப் போலாமா?" என்றது. அவர் கணவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சந்தோஷப்பட வேண்டும். வயிறுதான் எரிந்தது. அந்த அம்மா என்ன பாவம் செய்தார்? ச்சே.

ஏப்ரல் 22

அண்ணன் கருவியும் வந்தது. இப்போதைய குரலில் செய்தது. ஒவ்வொரு சொல்லும் குழைந்து, இழுத்து, பாதியில் விழுந்தது.

"குடிச்சிட்டுப் பேசுற மாதிரி இருக்கு" என்று தட்டினான். அதையும் அதே குரல்தான் சொன்னது. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கடைசியில் கருவியோடு வருகிற பொதுக் குரலே போதும் என்றான். பேங்கில் டோக்கன் கூப்பிடுகிற குரல். அதை வைத்துக்கொண்டு, "அடுத்த வாடிக்கையாளர், உள்ளே வரவும்" என்று அண்ணியைக் கூப்பிட்டான்.

மே 16

இனி ஒரு பதிவு வந்தால் அன்றைக்கே பெயர் மாற்றி, மூன்று இடத்தில் வைக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் விதி. நான் எழுதிய விதி. எல்லோரும் பாராட்டினார்கள்.

ஜூன் 2

அண்ணன் போய்விட்டான். காலையில், தூக்கத்திலேயே.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணி வந்திருந்தாள். டாக்டரம்மாவிடம் முறையாக அனுமதி வாங்கி, மார்ச்சில் நிறுத்தாமல் எடுத்த அண்ணனின் பதிவைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருந்தேன். "இது தெளிவா இருக்காது அண்ணி. நான் எடுத்ததுதான், கருவிக்கே ஆகாததுன்னு விட்டது," என்றேன்.

"எனக்கு ஆகும். கடைசி ரெண்டு வருஷம் இந்தக் குரல்ல தானே என்னைக் கூப்பிட்டாரு. பழசு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சது. இது நான் மட்டும் புரிஞ்சுக்கிட்டது."

லேப்டாப்பில் கோப்புகளைப் பார்த்தாள். "என்ன இது, ஒரே நம்பரா இருக்கு? மாத்திக்கலாமா?"

உன்னுடையதுதானே, மாற்றிக்கொள் என்றேன். ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு விரலால் தட்டினாள். 'தண்ணி கேட்டது'. 'இருமல்'. 'என்னைத் திட்டினது'. 'பக்கத்து வீட்டு ஆளைக் கிண்டல் பண்ணது'. எனக்கு எல்லாம் ஒரே முனகலாகத்தான் கேட்டது. அவள் நடுநடுவே "ஆமா, ஆமா" என்று அதற்குப் பதில் வேறு சொன்னாள்.

ஒன்றை மட்டும் இரண்டு முறை கேட்டாள். பெயர் வைக்காமல் மூடினாள்.

"இது நம்பராவே இருக்கட்டும்."

அண்ணன் அதில் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.