பாஸ்டரைக் கேட்காமல் திறக்காத கேட்

என் அன்பு அண்ணே,

நம் சபையைப் பார்த்தால் இப்போது நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சுங்கைப் பட்டாணி கடைவீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை உட்கார இடமில்லை. கல்லூரிப் பிள்ளைகள் படிக்கட்டுவரை நிற்கிறார்கள். தமிழ்ப் பாட்டு ஒன்றோ இரண்டோதான், மற்றதெல்லாம் ஆங்கிலம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சபை மாறத்தான் வேண்டும் என்று கமிட்டியில் சண்டை போட்டவரே நீங்கள்தானே.

நான் எழுத வந்தது ஜோயலைப் பற்றி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவன் தலையில் கை வைத்து, "சபையையும் மாணவர் ஊழியத்தையும் இனிமே இவன் பாத்துக்குவான்" என்று சொன்னீர்கள். உங்கள் சவப்பெட்டியைச் சுமந்தபோது அவன் அழுத அழுகையை நான் பார்த்தேன். அது நடிப்பில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகப் பயம்.

கல்லூரிக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு வீடு எடுத்தான், மாணவர் ஐக்கியத்துப் பெண் பிள்ளைகள் சேர்ந்து தங்கி ஜெபிப்பதற்கு. நல்ல காரியம் என்று நாங்களும் அரிசி கொடுத்தோம், மெத்தை கொடுத்தோம். பிறகு சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. உபவாச நாட்களில் கைப்பேசியை அவன் வைத்த தலைவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். யாரோடு பழகலாம் என்று அவனைக் கேட்க வேண்டும். பெற்றவர்களைப் பார்க்கப் போவதானாலும் கேட்க வேண்டும். ஜோயல் ஒருநாளும் சத்தம் போடமாட்டான், அண்ணே. சிரித்துக்கொண்டே சொல்வான். பிள்ளைகள் தலையாட்டுவார்கள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து இறங்கி வந்தேன். படிக்கட்டின் அடியில் ஓர் அம்மா நின்றிருந்தார், குருண் ஊர்த் தொழிற்சாலைச் சீருடையோடு. பெயர் லெட்சுமி. வீட்டுக்காரருக்கு மெர்போக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மகள் கவிதா நம் ஐக்கியத்துப் பிள்ளை, அந்த வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

"அக்கா, நான் சண்ட போட வரல லா. எந்த சாமிய கும்புட்டாலும் அது அவ இஷ்டம். அவங்கப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சி. ஆஸ்பத்திரியில மகளையே கேக்குறாரு. போன் அடிச்சா எடுக்கல. நேர்ல போனேன், கேட்ட தொறக்க மாட்டேங்குறாங்க."

மறுபடி மேலே ஓடினேன். ஜோயல் மேடையில் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும் ஆண்ட்டி."

"தெரியுமா? கவிதாகிட்ட சொல்லிட்டியா?"

"உபவாசம் முடியட்டும். இப்ப போனா கோயிலு, பூசைன்னு பழையபடி இழுத்துடுவாங்க. அவ ஆத்துமாவுக்கு நான்தானே கணக்கு சொல்லணும்."

"அதுக்குள்ள அவ அப்பா போயிட்டா?"

"நீங்க பெரிய பாஸ்டரோட தங்கச்சி. அந்த மரியாதைக்காகத்தான் பொறுமையா பேசுறேன், ஆண்ட்டி." சிரிப்பு மட்டும் மாறவே இல்லை.

லெட்சுமியை என் காரில் ஏற்றிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு உள்ளே சாவியோடு வந்து நின்றது யார் தெரியுமா, அண்ணே? நம் ரூத். நீங்கள் மடியில் போட்டுத் தூங்கவைத்த என் மகள். தலைவர்களில் ஒருத்தியாக நம் வீட்டிலிருந்து அங்கே போய்வருகிறாள் என்று எனக்குத் தெரியும். சாவி அவள் கையில் இருக்கும் என்று தெரியாது.

"அம்மா, ஜோயல் பாஸ்டரக் கேக்காம தொறக்க முடியாது."

நான் கவிதாவின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கூட வெளியே வந்து பார்த்தார். கவிதா வந்தாள், மெலிந்து, கண்ணெல்லாம் உள்ளே போய். லெட்சுமி கம்பிக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பிள்ளை அழவில்லை. ரூத் பக்கம் திரும்பி, "போகட்டுமாக்கா?" என்று கேட்டது.

பெற்ற அப்பாவைப் பார்ப்பதற்கு!

ரூத் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் திறந்துவிட்டாள். கவிதா செருப்புக்கூடப் போடாமல் காரில் ஏறினாள். அவள் அப்பா பிழைத்துக்கொண்டார். மகள் கையால் கஞ்சி குடிக்கிறார். கவிதா அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. அவள் துணிமணிகளைக் குப்பைப் பையில் கட்டிக் கேட்டுக்கு வெளியே வைத்திருந்தார்கள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு ஜோயல் ரூத்தை மேடைக்குக் கூப்பிட்டான். "கீழ்ப்படியாமல் கேட்டைத் திறந்தேன், மன்னியுங்கள்" என்று அவள் எல்லார் முன்னாலும் சொன்னாள். அவன் அவள் தோளில் கை வைத்து, சபையைப் பிரிக்க நினைக்கும் குரல் அடங்கட்டும் என்று ஜெபித்தான். யார் குரல் என்று சொல்லவில்லை. கூட்டம் முழுவதும் ஆமென் சொன்னது. ரூத்தும் சொன்னாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விட்டாள். தடுத்தேன். "மாமாவே தேர்ந்தெடுத்தவர விட உங்களுக்கு அதிகமா தெரியுமா?" என்றாள். அவள் சொன்ன மாமா நீங்கள்தான், அண்ணே.

இப்போது அவள் போனை எடுப்பதில்லை. நேற்று போய்ப் பார்த்தேன். கேட்டுக்கு உள்பக்கமாகத் தகரம் அடித்திருக்கிறார்கள். கம்பி வழியாகக்கூட யாரையும் பார்க்க முடியவில்லை. உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. நான் கூப்பிட்டதும் அது நின்றுபோனது. யாரும் வெளியே வரவில்லை.

அவனிடம் எதைப் பார்த்தீர்கள், அண்ணே? நீங்கள் பார்த்தது அவனிடம் இன்னும் எங்கேயாவது இருக்கிறதா?

லெட்சுமி என்னோடு வருகிறேன் என்கிறார். அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றவரையும் தேடிப் போகப் போகிறோம். உங்கள் பெயரைச் சொல்லித்தான் அவன் எல்லாரையும் வாயடைக்கிறான். இனி அந்தப் பெயரை நானும் சொல்வேன், உங்கள் தங்கை என்று சபை நடுவே நின்று.

உங்கள் கல்லறைக்கு இனி நான் தனியாக வரமாட்டேன். வந்தால் ரூத்தோடுதான் வருவேன்.

உங்கள் கூடப்பிறந்த ஒரே தங்கை,
எஸ்தர்