நூல் கட்டாத படங்கள்

நகரி,
ஞாயிறு காலை

அன்பு மகன் எழிலரசனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் அம்மன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், புனேயில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போது சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கையில் ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், நீ எடுத்தால்தானே பேச. மூன்று ஞாயிறு ஆகிறது. நைனாவுக்கு மட்டும் வேலை அதிகம் அப்புறம் பேசுகிறேன் என்று மெசேஜ் போடுகிறாய், அவரும் அதை நம்பிக்கொண்டு பேப்பர் படிக்கிறார், எனக்குச் சோறு இறங்கவில்லை. ஃபோனைத் தொடவே இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது, என்ன எழுதினால் அது எங்கே போய் யாரைச் சுடுமோ என்று. காகிதம் என்றால் எழுதியதை ஒரு தரம் படித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டுவிடலாம். ஏற்கெனவே இரண்டைக் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது.

வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. நைனாவுக்கு பிபி மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஊறுகாயைத் தொடாதே என்றால் ஒளித்து வைத்துத் தின்கிறார். ஷெட்டில் புதிதாக நாலு தறி இறக்கியிருக்கிறார்கள், அதனால் எனக்கு செக்கிங் வேலை கூடிப்போய்விட்டது, சாயந்திரம் கண் எரிகிறது. போன புதன்கிழமை கண்ணைக் காட்டுவதற்காகத் திருப்பதிக்குப் போனேன், கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கண்ணைக் காட்டிவிட்டு நான் நேராக வீட்டுக்கு வரவில்லை. எங்கே போனேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும், கொஞ்சம் பொறுமையாகப் படி கண்ணு, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

பொங்கலுக்கு வந்தபோது உன் ஓவியக் குழுவில் என்னை நீதான் சேர்த்துவிட்டாய். ஊர் ஊராக இருக்கிறவர்கள் தாங்கள் வரைந்ததைப் போடுவார்கள், மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள், நீயும் பாரும்மா, பொழுது போகும் என்றாய். நானும் தினம் சாப்பாட்டு வேளையில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து பார்ப்பேன். எந்தப் படத்துக்குக் கீழே பார்த்தாலும் சூப்பர், அருமை, வேற லெவல், ஒரு பூ, ஒரு கட்டைவிரல். எனக்கு எரிச்சலாக வந்தது. அடப்பாவமே, ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒருத்தர் வரைந்திருக்கிறார், இவர்கள் நின்றுகூடப் பார்க்காமல் பூவை எறிந்துவிட்டு ஓடுகிறார்களே என்று நினைத்தேன். எங்கள் ஷெட்டில் பழக்கம் உனக்குத் தெரியும். துணியை மேஜைமேல் விரித்து இழை இழையாகப் பார்த்துக்கொண்டே வருவேன், எங்கே இழை விட்டிருக்கிறதோ எங்கே எண்ணெய்க் கறை இருக்கிறதோ அந்த இடத்துக் கரையில் ஒரு துண்டுச் சிவப்பு நூலைக் கட்டிவிடுவேன். நெய்தவனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன், அவனும் என்னிடம் கேட்க மாட்டான், நூல் இருக்கிற இடத்தைச் சரி செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். நூல் கட்டாத துணி வந்தால் அது நல்ல துணி. நல்லா இருக்குது என்று வாயால் சொல்லும் வழக்கமே அங்கே கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் மரியாதை.

அந்த மரியாதையைத்தான் உன் குழுவில் இருந்த பாகாலா ஊர்ப் பிரேமலதாவுக்கும் செய்தேன். ஒரு பெண் தையல் மிஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிற படம், நினைவிருக்கும் உனக்கு, எப்படி மறப்பாய். நன்றாகத்தான் இருந்தது. நல்ல துணி கையில் கிடைத்தால்தான் இன்னும் கவனமாகப் பார்க்கத் தோன்றும். அரை மணி நேரம் பார்த்தேன். ஃபோனிடம் வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்கிறதே, அது ஒரு வசதி, ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டுப் பத்துக் குறை சொன்னேன். ஸ்டூலின் ஒரு கால் தரையில் படவில்லை. நிழல் இரண்டு பக்கமும் விழுகிறது. நூல்கண்டிலிருந்து வரும் நூல் ஊசிக்குப் போகாமல் பாதியில் நிற்கிறது. இப்படியே போய் ஏழாவதாக, இடது கை வலது கையைவிடச் சின்னதாக இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவாக வர வேண்டும், சரி செய்யவும். துணியின் இரண்டு கரையையும் ஒத்துப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணே அப்படிப் பழகிவிட்டது, எதைப் பார்த்தாலும் இடதும் வலதும் சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் போகிறது. எழுதிவிட்டு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்த் தூங்கினேன்.

மறுநாள் பார்த்தால் அந்தப் படத்தைக் காணோம். அவளுடைய பழைய படங்களும் இல்லை. மத்தியானம் மறுபடி திறந்தால் குழுவே இல்லை, சேர வேண்டுமா என்று என்னையே கேட்கிறது. எதிர்வீட்டு ஹர்ஷினியிடம் கொண்டுபோய்க் காட்டினேன், அவள் பார்த்துவிட்டு ஆன்ட்டி உங்கள குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க என்று சிரித்தாள். யார் தூக்கியது என்றதற்கு அட்மின் என்றாள். அட்மின் என் பிள்ளைதானேடி என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பிறகு குழுவின் முகப்பில் நீ எழுதி வைத்திருந்ததை அவள் ஃபோனிலிருந்து எனக்குப் படித்துக் காட்டினாள். முதலில் உங்களுக்குப் பிடித்தது எது என்று சொல்லுங்கள், குறை சொல்லலாமா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், வரைந்தவரைத் திருத்தாதீர்கள், தெரியாததைக் கேள்வியாகக் கேளுங்கள் என்று இருந்தது. இத்தனை நாளும் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டுத்தான் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஒருத்தி வரைவதையே விட்டுவிட்டாளோ, நான் எழுதியதைப் படித்துவிட்டு நோட்டை அடுப்பில் போட்டாளோ என்று. இந்தப் பக்கம் நீயும் பேசவில்லை. அதனால்தான் புதன்கிழமை கண் டாக்டரைப் பார்த்த கையோடு திருப்பதியில் பேசஞ்சர் ஏறிப் பாகாலாவில் இறங்கிவிட்டேன். நைனாவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் விட மாட்டார். அங்கன்வாடி டீச்சர் என்று அவள் பேருக்குக் கீழே போட்டிருந்தது, அதை வைத்துக்கொண்டு நாலு பேரைக் கேட்டேன், வீட்டைக் காட்டிவிட்டார்கள். வாசல்வரை போய்விட்டு, திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் படியிறங்கினேன் எழிலு, பொய் சொல்லவில்லை. உள்ளே இருந்து ராண்டி ராண்டி என்று தெலுங்கில் வரச் சொல்லிவிட்டு, யார் வேணும் என்று ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் தையல் மிஷின், ஸ்டூல், படத்தில் இருந்த அதே பெண். துணியைப் பிடித்திருந்த அவளுடைய இடது கை, வலது கையின் அளவில் பாதிதான் இருந்தது. பிறவியிலேயே அப்படியாம். பிரேமலதாவின் அக்கா இந்திராணி அவள். அந்தச் சின்னக் கையால் துணியை எவ்வளவு லாகவமாகத் திருப்புகிறாள் தெரியுமா. படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, ஓர் இழை தப்பில்லை. பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது.

நான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்திராணிதான் முதலில் சிரித்தாள். ஏம்மா, நீதானா அது, என் கைய சரி பண்ணச் சொன்னவ, இத்தினி வருசமா ஒருத்தருக்கும் தோணலையே, இன்னா பண்ணணும் சொல்லு, இழுத்துவுட்டுக்கலாமா என்று கேட்டாள். பிரேமலதா சிரிக்கவில்லை. அக்கா கண்ணில் படக் கூடாதென்றுதான் ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் எடுத்தாளாம், அதற்குள் அக்கா படித்துவிட்டிருக்கிறாள். ரெண்டு நாளு பென்சில தொடலம்மா, கோவம் வந்துக்கினே இருந்திச்சி என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். தப்புதான் தாயீ என்றேன். பிறகு அவளே உள்ளே போய் அந்தப் படத்தை எடுத்து வந்தாள். ஸ்டூல் கால் தரையில் இருந்தது, நிழல் ஒரு பக்கம் விழுந்தது, நூல் ஊசிக்குப் போனது. உன் கண்ணு பொல்லாத கண்ணு, ஆனா வாயத் தொறக்கும்போது மொதல்ல எதையாவது நல்லதாச் சொல்லேன் என்றாள். அப்புறம் புதிதாக ஒன்றைக் காட்டினாள், கொடியில் ஈரப் புடவை காய்கிற படம். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லாததை ஒரே நாளில் எப்படிச் சொல்வது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கொடி தொங்குற தொங்கல்ல புடவையில எவ்வளவு தண்ணி கீதுன்னு தெரியுதும்மா என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

கிளம்பும்போதுதான் நீ அவளுக்கு எழுதியதைக் காட்டினாள். காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் காட்டினாள், அவளைத் திட்டாதே. எழுதினது எங்க அம்மா, மன்னிச்சிடுங்க என்று ஆரம்பித்து, அடியில் இப்படி எழுதியிருந்தாய்: பத்துக் குறை கண்டுபிடிக்கிற அளவுக்கு உங்க படத்த உக்காந்து பாத்திருக்காங்க, நான் நாப்பத்தோரு படம் போட்டிருக்கேன், ஒண்ணுக்குக்கூட எங்க அம்மா ஒரு வார்த்தை எழுதினதில்ல, நீங்க கொடுத்து வச்சவங்க. அதைப் படித்துவிட்டுப் பாகாலா ஸ்டேஷனில் உட்கார்ந்தேன், ஒரு வண்டியைத் தவற விட்டேன்.

அடேய், நாற்பத்தொன்று இல்லை, நாற்பத்திரண்டு. பஸ் ஸ்டாண்டு மழைப் படத்தை நீ போட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டாய், அதையும் பார்த்தேன். எல்லாவற்றையும் விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தேன். நூல் கட்ட ஓர் இடம் கிடைக்கவில்லை, அதனால் ஒன்றும் எழுதவில்லை. அது உனக்கும் தெரியும் என்றே இருந்துவிட்டேன். நீ ஏழாவது படிக்கும்போது நோட்டை விரித்துக் காட்டிவிட்டு நின்றதெல்லாம் இப்போது ஞாபகம் வருகிறது, பார்த்துவிட்டு மூடிக் கையில் கொடுத்திருக்கிறேன், நீயும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய். அப்போதும் என் மனசுக்குள் பெருமைதான் கண்ணு. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இந்த மடச்சிக்குத் தோன்றவில்லை.

இப்போது உன் சட்டப்படியே சொல்கிறேன். நைனா தறிக்கு எண்ணெய் விடுகிற படம் பிடித்தது, அவர் கழுத்து வியர்வை என் முந்தானையில் ஒட்டுகிற மாதிரி இருந்தது. தண்ணீர்க் குடத்துப் படம் பிடித்தது. ரொம்பப் பிடித்தது அந்தச் செக்கிங் மேஜைப் படம், மேஜைமேல் துணி விரிந்திருக்கிறது, ஒருத்தி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருக்கிறாள், அந்த முதுகில் எத்தனை வலி என்று அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மற்றதையெல்லாம் தினம் ஒன்றாகச் சொல்கிறேன், நீ கேட்டால். ஈரத் தலையோடு வெளியே போகாதே, ஹோட்டலில் எண்ணெய்ப் பண்டமாகத் தின்னாதே, கண்ணை வருஷத்துக்கு ஒரு தரம் காட்டு. நைனாவும் நானும் சேர்ந்து உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள், நூறு வயசு நன்றாக இரு. அடுத்த ஞாயிறு ஒரு ரிங்காவது விடு, நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, நான் பேசுகிறேன்.

கடைசியாக ஒன்று. குறை இல்லை, கேள்விதான், கேட்கலாமா என்று கேட்டுவிட்டே கேட்கிறேன். அந்த மேஜைப் படத்தில் அவள் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாள் என்று எவ்வளவு நேரம் பின்னால் நின்றாய்?

உன் அம்மா
தேவசேனா