பிரேக் சோதனைச் சத்தத்தைத் திரும்பக் கேட்டு மனு

அனுப்புநர்:
மலைப்பாதை பஸ் டிரைவரின் மனைவி, தையற்காரி,
பணிமனைப் பின்தெரு.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பேருந்துப் பணிமனை.

பொருள்: பிரேக் லைனிங் சோதனையை முன்போல் சூடேறும்வரை நடத்தக் கோருவது சம்பந்தமாக.

மரியாதைக்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டுக்கும் தங்கள் சோதனைக் கொட்டகைக்கும் ஒரே சுவர். சுற்றுகிற டிரம்மில் லைனிங்கை, அதாவது பிரேக்கில் உராய்ந்து பிடிக்கிற பட்டையை, அழுத்தி, எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு தேய்கிறது என்று தங்கள் ஆட்கள் பார்ப்பார்கள். சூடேறியதும் அது போடும் கிறீச்சில் என் தையல் மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்று எனக்கே தெரியாது.

2. பக்கத்து வீட்டிலிருக்கும் என் நாத்தனார் பொறுக்கமாட்டாமல் போன மாதம் தங்களுக்கு மனு கொடுத்தார். தாங்களும் உடனே கவனித்தீர்கள். நன்றி. ஆனால் கொஞ்சம் அதிகமாகவே கவனித்துவிட்டீர்கள் ஐயா.

3. இப்போது கிறீச்சிடும் முன்பே சோதனை மெஷினை நிறுத்திவிடுகிறார்கள். சட்டைக்குப் பொத்தான் வைக்க வந்த சோதனைக்காரரைக் கேட்டேன். "சூடாகறதுக்குள்ள நிறுத்திடறோம்க்கா, மேலேர்ந்து உத்தரவு" என்றார். அப்படிச் சூட்டில் பிடிக்குமா என்று பார்க்காத லைனிங்கைத்தான் மலைப்பாதை வண்டிகளுக்கும் மாட்டியிருக்கிறார்களாம். மலை இறங்குகிற வண்டியில் பிரேக் சூடாகாமல் குளிருமா?

4. நேற்று என் வீட்டுக்காரர் வந்து, "கடைசி வளைவுல மிதிச்சேன், கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் பிடிச்சுது" என்று சிரித்தார். நான் கூப்பிட்டால் அவரும் யோசித்துத்தான் எழுந்து வருவார். அதை இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டேன். பிரேக்கும் அப்படி இருந்தால் எப்படி ஐயா? வண்டி நிறைய ஜனம். சிரித்தாரே ஒழிய, சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

5. ஆகவே சோதனையை முன்போல் முழுச் சூட்டில் நடத்தும்படியும், அதுவரை அந்த வண்டிகளை மலைக்கு அனுப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கொட்டகை ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டால் நல்லது. போடாவிட்டாலும் பரவாயில்லை, காதை அடைத்துக்கொள்வோம். தலையணை தைக்கிற வீட்டில் பஞ்சுக்கா பஞ்சம்?

6. முந்தைய மனு எழுதிய நாத்தனார் என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. தம்பி சொன்னதைக் கேட்டதிலிருந்து அவருக்கு இந்த அமைதியில்தான் தூக்கம் வரவில்லை. அதனால் அவரும் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் இடத்திலேயே போட்டுவிட்டார், மூத்தவர், விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை என் வீட்டுக்காரருக்கு மறுபடி மலை டூட்டி. அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல கிறீச் கேட்கும்படி தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: பணிமனைப் பின்தெரு

சத்தத்துக்குக் காத்திருக்கும்,
(கையெழுத்து) டிரைவரின் அக்கா
(அதற்குக் கீழே, இடம் கிடைத்த அளவுக்கு) டிரைவரின் மனைவி