புகைவாடையும் கஞ்சி போட்ட கைக்குட்டையும்

லாபிஸ் ரப்பர்த் தோட்டம், 9 ஆகஸ்டு 1934

அன்பு மகள் இன்பராணிக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம், சென்னப்பட்டணத்தில் நீ சுகமாயிருக்க மன்றாடுகிறோம். பத்தாம் கட்டில் கிழவிக்கு மாலை மருந்து கொடுக்க மறந்துவிட்டாய், இன்னொரு தரம் மறந்தால் நர்ஸ் படிப்பிலிருந்து நீக்கிவிடுவதாக மேட்ரன் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய், படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைவிட எரிச்சல், இதற்காக யாரோ ஞாபகசக்திப் பேராசிரியரின் தபால் பாடத்தில் சேரப் போகிறாயாமே! அப்படி ஒரு மேதை போன மாதம் இங்கேயும் வந்தார். நாற்பது சாமான்களின் பெயரைத் தலைகீழாக ஒப்பித்தார், எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாள் நம் வீட்டில் மூன்று வேளை சாப்பிட்டார், மூன்று வேளையும் அப்பாவைப் பார்த்து, கிராணி ஐயா, டிரசர் எப்ப வருவாரு என்று கேட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரே அப்பாதானே, கணக்கெழுதும் கிராணியா அவர்! அவர் போனதும், அது மண்டை இல்ல, காலி டின்லா என்றார் அப்பா.

நாற்பது சாமான் உனக்கெதற்கு? ஒரு மருந்து, ஒரு நேரம், அதற்கு மூக்கும் தோலும் போதும். நான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராமலிருக்கக் குயினைன் கொடுப்பதை, ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கொட்டகை வாடையை வைத்துத்தான் நினைவில் வைத்திருந்தேன். இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள், வாடை வகுப்புக்குள் வரும், கை தானாகப் புட்டிக்குப் போகும். போன மழையில் காற்று மாறி வீசியது, மூன்று நாள் வாடையே இல்லை, கல்லூரி வரை படித்த இந்தக் கழுதை மூன்று நாளும் மறந்தது. வெள்ளையம்மா மகளுக்குக் காய்ச்சல் கண்டது. டீச்சரம்மா மூக்கு அடைச்சுக்கிட்டா எம்புள்ளையா சாகணும் என்று கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் நின்று கேட்டாளாம், நியாயம்தானே. இப்போது காலையிலேயே கஞ்சி போட்டு விறைத்த கைக்குட்டையை ரவிக்கைக் கைக்குள் சொருகிக்கொள்கிறேன், மருந்து கொடுக்கும்வரை அதன் ஓரம் அறுத்துக்கொண்டே இருக்கும், கொடுத்த பிறகே எடுப்பேன். பக்கத்து வீட்டு அங்கம்மாவும் செய்து பார்த்தாள், ரப்பர்ப்பால் வெட்டி உரமேறிய கையில் அது உறைக்கவில்லை, அவள் ஞாபகத்துக்குக் கிராம்பைக் கடித்துக்கொள்கிறாள். உனக்கு எது உறைக்குமோ அதைத் தேடு.

ஆனால் ஒன்று. என் மறதி தெரிந்தவுடன் நானே அப்பாவிடம் ஓடிச் சொன்னேன், வாய்க்கு வந்தபடி திட்டினார், அன்றே மருந்து போயிற்று, பிள்ளை பிழைத்தாள். நீயாகச் சொன்னாயா, பிடிபட்டாயா? அதற்கு உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை, பேராசிரியரின் பட்டங்களுக்கு மட்டும் இரண்டு வரி. உன்னை நீக்கினால் கப்பலேறி வா, சோறு இருக்கிறது. மறைத்துவிட்டு அந்த வெள்ளை உடுப்பில் நிற்காதே.

தேவமாதா உனக்குத் துணையிருப்பாள். ஞாயிறு பூசையை விடாதே. அந்தக் கிழவி எப்படி இருக்கிறாள்? சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
டோரிஸ்