குழாயில் வந்த மஞ்சள் நீர்

சித்திரை, வியாழன் இரவு

கை இன்னும் மஞ்சளாக இருக்கிறது. தூக்கம் வருமென்று தோன்றவில்லை.

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன் நான். இன்று வால்வை அடைத்துவிட்டு மாரியம்மன் கோயிலில் மஞ்சள் நீராட்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளத்துத் தெருப் பாவாயக்கா ஓடி வந்தார். "தம்பீ, ஆத்தா எங்க ஊட்டுக் கொழாயில வந்துட்டாளுங்க! மஞ்சத் தண்ணியா கொட்டுது!"

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் உடல் சிலிர்த்தது, காரணம் வேறு. கோயில் குழாயில் மாட்டிய ஹோஸ் பைப்பின் முனை மஞ்சள் நீர் டிரம்முக்குள் மூழ்கிக் கிடந்தது. வால்வை அடைத்ததும் பள்ளத்தில் திறந்திருந்த குழாய் இழுக்க, டிரம்மில் இருந்தது அந்த வழியே திரும்பி, பள்ளத்து வீட்டுக்கு இறங்கியிருக்கிறது. முனையைத் தண்ணீருக்குள் போடாதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "உட்ட தண்ணி திரும்பிப் போகுமாங்க?" என்று சிரித்தவர்கள்தான் சுற்றி நின்றார்கள்.

"அக்கா, ஊட்டுக்குப் போய்ப் பாருங்க. நின்னா ஒரு சத்தம் குடுங்க" என்று அனுப்பினேன். பைப்பை வெளியே தூக்கினேன்.

பள்ளத்திலிருந்து அக்காவின் சத்தம் வந்தது. "நின்னு போச்சுங்க தம்பி!"

எனக்குச் சாமி வந்து ஆடாத குறைதான்.

திரும்பி வந்த அக்கா மெதுவாகக் கேட்டார். "மஞ்சளா இருந்தங்காட்டித் தெரிஞ்சுது. நெறமில்லாதது வந்திருந்தா?"

மேட்டுத் தோட்டத்தில் களைக்கொல்லி கலக்கும் பேரலிலும் குழாயில் மாட்டிய ஒரு பைப் இப்படித்தான் மூழ்கிக் கிடக்கிறது. விடிந்ததும் அந்தக் கூட்டத்தையே அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கு முன் வால்வைத் தொடமாட்டேன்.