மேடைக்காரரின் மெலிந்த எலிகள்

பிப்ரவரி 3

இன்றும் கூட்டம், இன்றும் மேடைக்காரர். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் அது. மைக்கைக் கண்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது. உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பி, புற்றுக்கட்டியை அதுவே அழிக்கும்படி செய்கிறதாம் அவருடைய மருந்து. மருந்து போட்ட எலிகளில் கட்டி கரைந்துவிட்டது, போடாதவற்றில் கோலிக்குண்டு அளவு. அடுத்தது மனிதர்கள் என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் இரண்டு கையிலும் கோப்புகள் இருந்தன. நல்லவேளை.

பிப்ரவரி 5

அக்காவுக்குச் செய்தி எட்டிவிட்டது. அத்தான் பத்திரிகையிலிருந்து படத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறார். மேடைக்காரர் சோதனைக்குழாயை உற்றுப் பார்க்கும் படம். அவர் அதைத் தொட்டே பல வருடம் ஆயிற்று.

அந்த மருந்துச் சோதனையில் சேர வேண்டும் என்கிறாள். சேர்ந்தால் இப்போதைய கீமோவை நிறுத்தியாக வேண்டும். கீமோதான் கட்டியை வளரவிடாமல் வைத்திருக்கிறது. அவளைப் படுக்கையை விட்டு எழவிடாமல் வைத்திருப்பதும் அதுதான்.

அந்த ஆள் வெறும் சவடால் என்றேன். அக்கா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "உனக்கு அவரைப் பிடிக்கலையா, அவர் மருந்தைப் பிடிக்கலையா? ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

சின்ன வயதிலிருந்தே இவளிடம் இதே தொல்லை.

பிப்ரவரி 11

மேடைக்காரரின் முடிவுகளில் ஒன்று உறுத்துகிறது. மருந்து போட்ட எலிகள் எல்லாமே எடை குறைவு. கட்டி இல்லாததால் எடையும் இல்லை என்று விளக்கம் சொல்லியிருக்கிறார். நோய் தீர்ந்த எலி தேறுமா, இளைக்குமா? யார் காதில் பூச்சுற்றுகிறார்?

பிப்ரவரி 12

எலிக்கூடத்துக்குப் போனேன். மருந்து போட்ட கூண்டைத் திறந்து ஒரு வாலைத் தூக்கினேன். பெண். அடுத்ததும் பெண். அந்தப் பக்கம் முழுக்கப் பெண். மருந்து போடாத பக்கம் முழுக்க ஆண்.

எலிகள் வரும்போதே ஆண் தனிக் கூண்டு, பெண் தனிக் கூண்டாக வரும். ஒவ்வொன்றிலும் பாதிக்கு மருந்து, பாதிக்கு இல்லை என்று பிரிக்க வேண்டும். இந்த மேதாவிகள் வந்த கூண்டை வந்தபடியே எடுத்து, இதற்கு மருந்து, அதற்கு இல்லை என்று வைத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, கட்டி வரவைக்க எல்லா எலிக்கும் ஏற்றிய புற்றணுக்கள் ஆண் எலியிலிருந்து எடுத்தவை. ஆணின் அணுவில் மட்டும் உள்ள புரதத்தைப் பெண்ணின் உடம்பு வேற்றாள் என்று கண்டுகொண்டு தானே தாக்கி அழித்துவிடும். மருந்தே தேவையில்லை. பெண் எலிகள் இயல்பாகவே எடை குறைந்தவை என்பது வேறு.

என் மாணவர்கள் இதைச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

பிப்ரவரி 13

அவரிடம் போய்ச் சொன்னேன். "இந்த நேரத்துல போய் ஆணா பெண்ணான்னு பாத்துக்கிட்டு இருக்கீங்களே மேடம்" என்று சிரித்தார்.

சிரிப்பா வருது இந்த ஆளுக்கு? எங்க அக்கா உடம்புய்யா அது — கேட்கவில்லை. ஆண் எலிகளை மட்டும் வைத்து நானே திரும்பச் செய்கிறேன் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முடிவு வரும்வரை சோதனையில் சேரக் கையெழுத்துப் போடாதே என்று அக்காவிடம் கெஞ்சினேன். அரைமனதாகச் சரி என்றாள்.

மார்ச் 9

புது எலிகளில் கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. மருந்து போட்ட பக்கம், போடாத பக்கம், இரண்டிலும்.

மார்ச் 14

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இன்று அளவெடுக்கும் முன், மருந்து போட்ட எலியைக் கையில் வைத்துக்கொண்டு, கரைஞ்சிடு, கரைஞ்சு தொலை என்று முணுமுணுத்தேன். நானா? இந்த ஆள் எப்போது குப்புற விழுவார் என்று காத்திருந்தவள்!

அவர் மேதையாகவும் நான் முட்டாளாகவும் இருந்துவிட்டுப் போகக் கூடாதா, இந்த ஒரு தடவை?

மார்ச் 20

கரையவில்லை. ஒன்றில்கூட. நான் சொன்னதுதான் சரி.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 17

மனிதர்களிடம் செய்யவிருந்த சோதனையை நிறுத்திவிட்டார்கள். மேடைக்காரர் அதற்கும் ஒரு மேடை பிடித்துவிட்டார். தலைப்பு: "நம் பிழையை நாமே கண்டுபிடிப்பது எப்படி". அவருடைய ஜால்ராக்கள் உருகிப்போனார்கள். எலிக்கு வால் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

பாதியில் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவுக்குக் கீமோ ஏறிக்கொண்டிருந்தது. அத்தான் டீ குடிக்கப் போயிருந்தார். கட்டி அதே அளவில்தான் நிற்கிறது என்று டாக்டர் சொன்னாராம். அக்கா கண்ணை மூடியபடியே கேட்டாள்: "அந்த மருந்து நிஜமாவே வேலை செஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"முதல் வரிசையில உக்காந்து கைதட்டியிருப்பேன்."

"நீயா?"

"எழுந்து நின்னு."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் குமட்டிக்கொண்டு வந்தது. வாளியை எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.