தரையை ஒட்டி ஓர் ஓட்டை

என் ஜமீலா,

நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் சாரல் இது. மேலகரத்தில் நம் மெஸ் நன்றாகவே நடக்கிறது. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள் உன் மிளகு ரசத்தைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்தப் பக்குவம் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அடுப்படிச் சுவரில் தரையை ஒட்டி நீ போடச் சொன்ன ஓட்டையைப் பலகை வைத்து அடைத்துவிட்டேன். எலித்தொல்லை. அதைப் போடும்போதே நாம் சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கா?

“மேல ஜன்னல் இருக்குல்லா? வாயு எங்கயும் பரவும்னுதான பிளஸ் டூவுல படிச்சோம்?” என்றேன்.

“பரவும். அதுக்கு நேரமாகும்ட்டி. சமையல் கேஸ் காத்தை விடக் கனம். கசிஞ்சா முதல்ல தரையிலதான் தேங்கும்” என்றாய். ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்து படித்தோம். உனக்கு மட்டும் எப்படிப் புரிந்தது?

போன வாரம் காலையில் அடுப்புகளை அணைத்துவிட்டு சிலிண்டர் மாற்றினோம். கொஞ்ச நேரத்தில் லேசாக வாடை. குனிந்தால், முழங்காலுக்குக் கீழே மூச்சு முட்டுகிற நாற்றம். முன்னால் பதினைந்து பேர் சாப்பிடுகிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த செல்வி, வாடை போகட்டும் என்று ஃபேன் சுவிட்சுக்குக் கை நீட்டினாள்.

“ஏட்டி, தொடாத! ஒரு பொறி போதும். எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போ!”

ரெகுலேட்டரை மூடினேன். பின்கதவைத் திறந்தேன். பலகையைக் காலால் தள்ளினேன். அத்தனையும் தரையோடு தரையாக வெளியே போயிற்று. சிலிண்டர் வாயில் ரப்பர் வாஷர் கிழிந்திருந்ததாம், பார்க்க வந்த கேஸ் கம்பெனிக்காரர் சொன்னார்.

எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் பின்னால் போய் அழுதேன். பிழைத்ததற்கா, அடைத்தவள் நான் என்பதற்கா?

“யாரு அக்கா ஒங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது?” என்று செல்வி கேட்டாள். உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், மதியச் சோறு தாமதமாகிவிட்டது.

இப்போது ஓட்டைக்குக் கம்பிவலை போட்டாயிற்று. எலியும் வராது. குற்றாலத்தில் இரண்டாவது கடையும் எழும்புகிறது. என்னால் முடியும், ஜமீலா. என்னை நம்பி அடுப்படியில் நிற்கிற ஒவ்வொருத்தியும் பத்திரமாக வீடு போய்ச் சேருவாள். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் உம்மா பெறாத அக்கா,
சுப்பு